கீர்த்தனையும் பாமாலையும்

யாழ்ப்பாணத்துப் புரொட்டஸ்தாந்து ஆலயங்களிற் பாடப்பெறும் பாட்டுக்கள் இருவகைப்படும். மேனாட்டு மெட்டுக்கு இசையத் தமிழாக்கப்பெற்றவை பாமாலை எனவும், இராக தாளங்களுக்கு இயையத் தமிழிலேயே இயற்றப்பெற்றவை கீர்த்தனை எனவும் வழங்கும். ஒரே வழிபாட்டில் இவ்விரண்டும் அடுத்தடுத்து ஒலிக்கக் கேட்கும் சைவர் ஒருவர்க்கு, முன்னதிற் சொற்கள் எளிதிற் பிடிபடா. பின்னதில் முதல் முறையிலேயே விளங்கும். பாடுவோர் அவரே, மொழியும் அதுவே. இவ்வேறுபாடு சமயத்திற் பிறந்ததன்று. எழுத்தின் மாத்திரையிற் பிறந்தது.

ஆங்கிலச் சொல்லில் ஓரசை அழுத்தம் பெறும், ஏனையவை தாழ்ந்தொலிக்கும். ஆங்கிலேயர் மெட்டுக்கள் அவ்வழுத்தத்தைத் தழுவி நடப்பவை. தமிழிலோ பொருளைக் காப்பது குறில் நெடில் வேறுபாடே. மெட்டின் நீண்ட சுரம் ஒரு குற்றெழுத்தின்மேல் வந்தமருமாயின் ‘மனம்’ என்பது ‘மானம்’ ஆகும். ‘பலன்’ ‘பாலன்’ ஆகும். எழுத்துக்கள் தம் அளவிறந்து ஒலித்தல் இசைநூலார்க்கு உரியதெனத் தொல்காப்பியரே ஒப்பினார். ஆயினும் எவ்வெழுத்து எங்கே நீளலாம் என்பது தமிழிசைப் புலவர் செவிக்குத் தெரிந்தது. கடல் கடந்து வந்த மெட்டுக்குத் தெரியாதது. தொடையும் அவ்வாறே. ஆங்கிலப் பாட்டு அடியின் இறுதியில் ஒலியொப்புமை நாடும். தமிழ்ப் பாட்டு எதுகை மோனைகளை அடியின் முதலில் நாடும். மொழிபெயர்ப்பாளர் ஒன்றைப் பேணினால் மற்றொன்று கைநழுவும். இனி, நால்வகைக் குரல்கள் ஒருங்கியைவதே அம்மெட்டுக்களின் அழகு. அவற்றை ஒற்றைக் குரலாற் பாடும் சிற்றூர்ச் சபையில் அவ்வழகும் இல்லாதொழிகின்றது.

இவ்விடர்ப்பாட்டுக்கு வழி கண்டவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) வேறொருவர். இருவரையும் ஒருவராக்கும் விடைத்தாள்கள் ஆசிரியர்க்குப் புதியனவல்ல. சுவார்ட்சு பாதிரியாரிடம் கற்று, இரண்டாம் சரபோசி மன்னரின் ஆதரவும் பெற்ற சாஸ்திரியார், முத்துத்தாண்டவர் தில்லைக் கூத்தனுக்கும் அருணாசலக் கவிராயர் இராமனுக்கும் ஆக்கிய பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பைக் கிறித்துவுக்கு உரியதாக்கினார். குறவஞ்சியையும் விட்டாரல்லர், 1800 ஆம் ஆண்டளவிற் பாடிய பெத்தலகேம் குறவஞ்சியில் தலைவன் இயேசு, தலைவி திருச்சபை.

எதிர்ப்பு எழாமலில்லை. புதிதாக வந்த பாதிரிமார் சிலர் தமிழிசைப் பாட்டை ஆலயத்தினின்று விலக்க முற்பட, 1820களின் இறுதியிற் சாஸ்திரியார் அவர்களை மறுத்து எழுதினார். கோயிலையும் சதிரையும் நினைவூட்டும் இராகம் புதுச் சமயத்தாரைப் பழைய வழிக்கு ஈர்க்கும் என்னும் அச்சம் விளங்காததன்று. ஆயின் தாய்மொழியின் இசையை இழந்தவன் எவ்விசையால் உருகுவான்? அதே வழக்கிற் சாதிப் பிரிவை ஆலயத்துள்ளும் காக்கச் சாஸ்திரியார் வாதாடினார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. அவ்விடயத்தில் நியாயம் பாதிரிமார் பக்கமே.

இசைப்பூசலில் வென்றவர் சாஸ்திரியாரே. 1816 இல் தெல்லிப்பழையில் ஊன்றிய அமெரிக்க மிசனிலிருந்து சென்றோர் 1834 இல் மதுரையில் ஒரு கிளை தொடங்கினர். அக்கிளையினராகிய எட்வர்டு வெப் பாதிரியார் 1853 இற் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்.

நமது இராகங்கள் அயலார் கைப்பட்டன என்று குறைகூறும் சைவர் ஒன்றை எண்ணல் வேண்டும். சுருதிகளின் இயல்பைப் பழந்தமிழ் நூல்களில் துருவித் தேடிக் ‘கருணாமிர்த சாகரம்’ (1917) எழுதிய ஆபிரகாம் பண்டிதர் கிறித்தவர். ‘யாழ்நூல்’ (1947) தந்த விபுலானந்தர் இராமகிருஷ்ண மடத்துத் துறவி. இருவரும் தேடியது ஒரே பொருளையே.

கத்தோலிக்கர் வரலாறு வேறு. பூசை இலத்தீனில் நிகழ, குருநகர், பாஷையூர், நாவாந்துறை முதலிய கரையூர்களில் அடியார் வரலாறுகள் தமிழ்க் கூத்திசையில் ஆடப்பெற்றன. யாக்கோமே கொன்சால்வெசு அடிகள் (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கம் புனித வாரத்தில் இரங்கலோசையில் ஓதப்பெற்றது. மக்கள் அழுதது தமிழில். குருவானவர் பாடியது இலத்தீனில். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், அவ்வந்நாட்டு மக்களின் இசைக்கு வழிபாட்டிலே உரிய இடம் தருக எனப் பணித்தது.

அதே 1963 இல், தெல்லிப்பழையிற் பிறந்த மெதடிஸ்த குருவாகிய டி. ரி. நைல்ஸ் (1908–1970) தொகுத்த கிழக்காசியக் கிறித்தவ மாநாட்டுப் பாடல் நூல் வெளிவந்தது. ஆசிய நாட்டு மெட்டுக்கள் பலவற்றிற்கு ஆங்கிலச் சொற்களை அவரே ஆக்கினார். ஐரோப்பிய மெட்டின்முன் தமிழ்க் குறில் பட்ட பாட்டை, ஆசிய மெட்டின்முன் ஆங்கில அழுத்தம் படலாயிற்று.