குளிர்தேசத்து ஜிமிக்கி

யாழ்ப்பாணத்து முற்றத்தில் செவ்வரத்தை எந்த வெயிலிலும் பூக்கும். ஜிமிக்கி போலத் தலைகீழாகத் தொங்கும் ஃபியூசியா அப்படியல்ல. தென் அமெரிக்க மலைக்காடுகளின் குளிர் ஈரம் கேட்கிற இனம் அது. வெப்பம் 27 பாகையைத் தாண்டினால் பூ குறையும்.

இலங்கையில் அதற்கு வாய்த்த இடம் நுவரெலியாப் பக்கம். 1861இல் சிங்கோனா மரச் செய்கைக்காகத் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா அங்கே சுமார் 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

ஆசை விடாவிட்டால், யாழ்ப்பாணத்திலும் காலை வெயில் மட்டும் படும் விறாந்தையில் சாடியை வைக்கலாம். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பிடித்துவைத்த மழைத்தண்ணீரே நல்லது. மொட்டு புதுத் தளிரில்தான் வரும், அதனால் புதுக் கிளைகள் பெருக இளம் நுனிகளைக் கிள்ளிவிட வேண்டும்.

சித்திரை வெக்கையில் மண் ஈரமாக இருந்தாலும் இலை துவளும். அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். சாடியை நிழலுக்கு நகர்த்தினால் போதும்.