கடைக் களவும் சட்டமும்



முன்னாளில் நம் ஊர் மளிகைக் கடையில் கேட்ட பொருளைக் கடைக்காரரே நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். இன்று தில்லியிலும் மும்பையிலும் நாம் புகும் பேரங்காடிகளிலோ பொருளை நாமே எடுக்கிறோம். நாமே கூடையில் இடுகிறோம். அவ்வாறாயின் எடுத்தல் எந்த இடத்தில் களவாகிறது? மொழி வேறான ஊரில் வாழும் நாம் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 303ஆம் பிரிவின்படி, பிறர்வசம் உள்ள அசையும் பொருளை அவர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் கவர்வதற்காக நகர்த்துவது திருட்டு ஆகும். பொருளைப் பணம் செலுத்துமிடம்வரை கொண்டு செல்லவே கடைக்காரர் இசைகிறார். கவரும் எண்ணத்தோடு ஒருவன் அதைச் சட்டைக்குள் மறைத்தால், வாயிலைத் தாண்டாவிடினும் குற்றம் நிறைவுபெறும். குழந்தையின் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைக் கவனியாது வெளியே வந்துவிட்ட தாயோ திருடியவள் ஆகாள். அவளிடம் கவரும் எண்ணம் இல்லை.

திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் களவு எண்ணத்தையே தீதென்கிறது. சட்டமோ எண்ணமும் செயலும் சேர்ந்திருந்தால்தான் தண்டிக்கிறது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளவேண்டும்.

தண்டனை யாது? திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் அக்குற்றத்துக்குத் தண்டனை பெறுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் அபராதமும் உண்டு. பொருளின் மதிப்பு ரூ. 5,000க்குக் குறைவாயிருந்து, குற்றவாளி முதன்முறை தண்டிக்கப்படுபவராயிருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், சமூக சேவையே தண்டனை. ஆயினும் கடையைப் பொருள் காக்கும் கட்டடமாகக் கொண்டு 305ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர்ந்தால், ஏழாண்டு வரை சிறை நேரலாம். கடையின் பணியாளரே திருடினாலும், 306ஆம் பிரிவின்படி, ஏழாண்டு வரை சிறை உண்டு.

கடைக்காரருக்கும் எல்லை உண்டு. தம் கண்முன் நிகழ்ந்த குற்றம் பிணையில் விடத்தகாததாகவும், பிடியாணையின்றிக் கைதுசெய்யத் தக்கதாகவும் இருந்தால் மட்டுமே பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடிக்கலாம். பிடித்தவரை வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைக்கவேண்டும். அடிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. முறையின்றி ஓர் அறையில் அடைத்து வைத்தல் 127ஆம் பிரிவின்படி குற்றம். வழக்குப் போடுவோம் என்று அச்சுறுத்திப் பன்மடங்கு பணம் பறிப்பதும் குற்றமே.

நம்மவர்க்கு இடர் பெரும்பாலும் மொழியால் வருகிறது. படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிய தாளில், 'இது வெறும் சடங்கு' என்று சொல்லக் கேட்டுக் கையெழுத்திடலாகாது. அது குற்ற ஒப்புதலாக இருக்கக்கூடும். போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் ஒருவருக்கு எதிராக நிரூபிக்க இயலாது. ஆனால் கடை அலுவலரிடம் எழுதித் தந்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கைதானவருக்குக் காரணம் தெரிவிக்கவேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடம் தரவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்தவேண்டும். இவை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு தரும் உரிமைகள். சாட்சியம் தமக்குப் புரியாத மொழியில் இருந்தால், அதைப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லுமாறு நீதிமன்றத்தில் கேட்கலாம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் காவலில் உள்ளோருக்கும் வருமானம் பாராது இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அதற்கு 15100 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

ஆகவே, கடையை விட்டுப் புறப்படுமுன் கூடையையும் குழந்தையின் கையையும் ஒருமுறை பார்ப்போம், ரசீதைப் பத்திரப்படுத்துவோம். தவறு நேர்ந்துவிட்டால் உடனே திரும்பிச் சென்று பணத்தைச் செலுத்துவோம். பழி வந்தாலோ, ஓடவும் வேண்டா, அஞ்சி எதையும் எழுதித் தரவும் வேண்டா. போலீசாரை அழைக்குமாறு நாமே அமைதியாகக் கேட்போம்.