சிதறல் பார்வையும் தொடுவில்லைத் தெரிவும்

கண்ணின் முன்புறத்தே உள்ள கருவிழிப் படலம் பந்தின் பரப்பைப் போல எத்திசையிலும் ஒரே வளைவுடன் இருப்பின், ஒரு புள்ளியினின்று வரும் ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியாகவே குவியும். முட்டையின் பக்கத்தைப் போல ஒரு திசையில் மிகுந்தும் அதற்குக் குறுக்கே குறைந்தும் வளைந்திருப்பின், ஒளி ஓரிடத்திற் குவியாது. எழுத்துகள் நிழல் படிந்தாற்போலத் தோன்றும். அஸ்டிக்மாட்டிசம் எனப்படும் இக்குறையே சிதறல் பார்வை. மூக்குக் கண்ணாடியில் உருளை வில்லை இட்டு இதனைத் திருத்தலாமென்பதை 1825-ல் ஆங்கில வானநூலறிஞர் ஜார்ஜ் ஏரி தம் இடக்கண்ணிற்கு அத்தகைய வில்லை செய்வித்துக் காட்டினார். காண்டாக்ட் லென்ஸ் எனும் தொடுவில்லையை விரும்புவோர்க்கோ தெரிவு அவ்வளவு எளிதன்று.

குறை கண்ணின் எப்பகுதியில் உள்ளது என்பதே முதலில் அறிய வேண்டுவது. தாமஸ் யங் 1801-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு நல்ல விளக்கம். நீர் நிறைந்த சிறு குழாயைத் தம் கண்ணோடு பொருத்தி அவர் நோக்கினார். நீரும் கருவிழிப் படலமும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் விலக்குவதால், நீருக்குள் படலத்தின் வளைவு பயனற்றுப் போகிறது. அப்போதும் அவருடைய சிதறல் மாறவில்லை. எனவே குறை உள்ளிருக்கும் இயற்கை வில்லையைச் சார்ந்தது என அவர் முடிவு செய்தார்.

காற்றூடுருவும் கடின வில்லை இதே தத்துவத்தில் இயங்குவது. அது வளையாமல் நிற்க, அதற்கும் படலத்திற்கும் இடையே கண்ணீர் நிரம்பி, யங்கின் குழாய் நீர் செய்த வேலையைச் செய்கிறது. படலத்தின் சிதறலில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இதனால் மறையும். யங் இதனை அணிந்திருப்பாராயின் யாதொரு பயனும் கண்டிரார்!

மென்வில்லையின் கதை வேறு. 1961-ல் செக் நாட்டு ரசாயன அறிஞர் ஓட்டோ விக்டர்லே, குழந்தைகளின் விளையாட்டுப் பொறித் துண்டுகளைக் கொண்டு இயந்திரம் அமைத்து இதனை வார்த்தெடுத்தார். மென்மையால் இது படலத்தின் வடிவத்தையே ஏற்றுக்கொள்ளும். சிதறலும் அப்படியே நிற்கும். ஆகவே உருளைத் திறனை வில்லையிலேயே அமைத்தல் வேண்டும். இதுவே டாரிக் வில்லை. இது கண்ணில் சுழலாதிருத்தல் இன்றியமையாதது. பத்துப் பாகை திரும்பினால் சிதறலில் மூன்றிலொரு பங்கு மீண்டுவிடும். முப்பது பாகை திரும்பினால், வில்லை அணியாத அளவுக்கே சிதறல் நிற்கும். ஆதலால் பல வில்லைகளின் அடிப்பகுதியைத் தடிப்பாக ஆக்குகின்றனர். ஈரப் புளியங்கொட்டையை இரு விரல்களால் அழுத்தினால் நழுவுவது போல, இமையின் அழுத்தத்தால் அத்தடிப்பு கீழ்நோக்கியே நிற்கும். வில்லையை அணிந்து சிறிது நேரம் கழித்து, அதன் அடையாளக் கோடு எங்கு நிற்கிறதென மருத்துவர் நோக்கிய பின்னரே வாங்குதல் நலம்.

இளம் வயதினர்க்குச் சிதறல் ஆண்டுதோறும் மிகுந்துவருமாயின், அவர்கள் கண்ணைக் கசக்கும் வழக்கமும் உடையவராயின், இது வெறும் கண்ணாடி மாற்றும் செய்தியன்று. கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயாக இருக்கக்கூடும். கடின வில்லை பார்வையைத் தெளிவாக்குமேயன்றி நோயை நிறுத்தாது. அதனை நிறுத்தப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை உண்டு. கருவிழியின் வளைவை வரைபடமாக எடுத்து இதனைக் காலத்தே அறியலாம். திருப்புறம், பாறசாலைப் பகுதியினர்க்கு அண்மையிலுள்ள பெரிய அரசுக் கண் மருத்துவமனை திருவனந்தபுரத்து வட்டாரக் கண் மருத்துவ நிலையமாகும்.

நெய்யாற்றிலும் ஊர்க் குளங்களிலும் குளிக்கும் வழக்கமுடைய இப்பகுதியினர் மற்றொன்றையும் கருத வேண்டும். 2024-ல் நெய்யாற்றின்கரை அருகே சிலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் கண்டபோது குளத்து நீரைப் பற்றி மக்கள் பெரிதும் அஞ்சினர். நீரிலும் மண்ணிலும் வாழும் அகாந்தமீபா எனும் வேறோர் அமீபா, வில்லையின் கீழ்த் தங்கிக் கருவிழியை அரித்துப் பார்வையைக் கெடுக்க வல்லது. ஆதலின் குளிக்குமுன் வில்லையைக் கழற்றிவிடுக. கிணற்று நீராலும் குழாய் நீராலும் அதனைக் கழுவலாகாது. அணிந்தபடி உறங்கவும் கூடாது. கண் சிவந்து நோவும் கூச்சமும் கண்டால் வில்லையைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, அன்றே மருத்துவரிடம் அதனையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.