பத்தாம் நாள் கேள்வி

நோயாளி மருந்தை விழுங்கினாரா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் உலகத்துக்கு முன்னோடியாக நின்ற ஊர்களில் சென்னையும் ஒன்று. டி.பி. நோயாளிகளை சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா? 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடியும் என்று நிரூபணமும் ஆயிற்று. ஆனால் வீட்டில் இருப்பவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிவந்து அதில் மருந்தின் தடயம் தேடினார்கள்.

பிற்பாடு, மூடிக்குள் மின்னணுச் சில்லு வைத்த மருந்துக் குப்பிகள் வந்தன. திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரம் பதிவாகிவிடும். அந்தப் பதிவுகளில் ஒரு வேடிக்கை தெரிந்தது. டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்க நெருங்க மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறது. பார்த்துவிட்டு வந்த சில நாட்களும் அப்படியே. ஒரு மாதம் கழிந்தால் பழைய கதை. பரீட்சைக்கு முந்தின வாரப் படிப்புதான். நீண்டகால நோய்களுக்குச் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறவர்கள் வளர்ந்த நாடுகளில்கூட சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது.

சில்லும் சிறுநீரும் சாப்பிட்டாரா என்பதைச் சொல்லும். ஏன் சாப்பிடவில்லை என்பதை ஆளிடம்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் நிக் பார்பரும் சகாக்களும் கேட்டார்கள். நாள்பட்ட நோய்க்குப் புதிதாக ஒரு மருந்து தொடங்கியவர்களைப் பத்தாம் நாள் விசாரித்தபோது, பத்தில் மூன்று பேர் ஏற்கெனவே சொன்னபடி சாப்பிடாமல் இருந்தார்கள். அந்த மூவரில் கிட்டத்தட்டப் பாதி, தெரிந்தே விட்டவர்கள். 2004-இல் வெளிவந்த இந்த முடிவில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பத்து நாள். மறுபடி டாக்டரிடம் போவதற்குள் முடிவெடுத்தாகிவிடுகிறது. அந்த இடைவெளியில் நோயாளி எட்டிப் பிடிக்கக்கூடிய, மருந்தைப் பற்றிப் படித்த ஒரே ஆள் தெருமுனை மருந்துக்கடைக்காரர்.

இதன் மேல் கட்டியதுதான் 2011 அக்டோபரில் இங்கிலாந்தில் தொடங்கிய புதிய மருந்துச் சேவை. ரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் தடுப்பது போன்றவற்றுக்கு முதன்முறையாக மருந்து வாங்குபவரிடம் மருந்தாளுநர் சம்மதம் கேட்கிறார். ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு பேச்சு. இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் மற்றொன்று. நேரில் இருக்கலாம், ஃபோனிலும் இருக்கலாம். அரசு சுகாதாரத் துறை இதற்குத் தனியாகப் பணம் தருகிறது.

பேச்சில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதியே கொடுத்திருக்கிறார்கள். மருந்தைத் தொடங்க முடிந்ததா, எப்படிப் போகிறது, தொந்தரவு ஏதும் உண்டா, வேலை செய்வதாகத் தோன்றுகிறதா என்று போகும். அவற்றில் ஒன்று மட்டும் கெட்டிக்காரத்தனமானது. பலரும் பல காரணங்களால் அவ்வப்போது ஒருவேளை மருந்தைத் தவறவிடுவதுண்டு என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே உங்களுக்கு அப்படி ஆனதா என்கிறார்கள். “ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் யாருக்கும் வாயில் வருவது “சாப்பிடுறேன்” என்ற ஒரே பதில்தான். குற்றத்தை முன்கூட்டியே மன்னித்துவிட்டுக் கேட்டால் உண்மை வெளியே வருகிறது.

வந்த உண்மையை வைத்து என்ன செய்வது என்பதில்தான் மருந்தியல் படிப்பு கைகொடுக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் தொடங்கியவர், “இந்த மாத்திரை சளி பிடிக்க வைக்குது, நிறுத்திட்டேன்” என்கிறார். அவருக்கு வந்திருப்பது சளியில்லாத வறட்டு இருமல். ரத்தக் குழாயை இறுக்கும் பொருள் உருவாக உதவும் ஒரு நொதியை ராமிப்ரில் தடுக்கிறது. அதே நொதிக்கு பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. நொதி முடங்கினால் பிராடிகைனின் சேர்ந்து மூச்சுக்குழாய் நரம்புகளைச் சீண்டுகிறது. ஆக, இருமலும் ரத்த அழுத்தம் இறங்குவதும் ஒரே தடுப்பின் விளைவுகள். லோசார்டன் வகை மருந்துகள் அந்த நொதியைத் தொடுவதில்லை. டாக்டரிடம் சொல்லி மாற்றினால் போதும். நோயாளியோ இருமலோடு சேர்த்து ரத்த அழுத்த சிகிச்சையையே கைவிட்டிருப்பார்.

தைராய்டு மாத்திரையைக் காலையில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு உடனே காபி குடிப்பவர் இன்னொரு வகை. ஒரு வேளைகூடத் தவறவில்லை, ஆனால் குடல் உறிஞ்சும் அளவு குறைகிறது. இன்ஹேலரில் இது இன்னும் மோசம். அழுத்திப் பீய்ச்சும் வகையை மெதுவாக ஆழ இழுக்க வேண்டும். பொடி வகையை வேகமாக இழுக்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர் முறையை மாற்றிப் போட்டால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

சில சமயம் கேள்வி கேட்கவே வேண்டாம், கடைப் பதிவேடே பேசும். பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-இல் அறிக்கை வெளியிட்டார்கள். உடனடி நிவாரண இன்ஹேலர் பயன்படுத்திவந்து, எத்தனை வாங்கினார்கள் என்ற விவரமும் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தின ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. நோய் கட்டுக்குள் இல்லை என்பதற்கு அதைவிட வெளிப்படையான அறிகுறி கிடையாது. நீல நிற நிவாரண இன்ஹேலர் அடிக்கடி போகிறது, தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர் அலமாரியிலேயே இருக்கிறது என்பது கவுன்டரில் நிற்பவர் கண்ணில்தான் முதலில் படும்.

பேசினால் பலன் உண்டா? ரேச்சல் எலியட் தலைமையில் 504 பேரிடம் நடந்த சோதனையில், பத்தாவது வாரத்தில், வழக்கமான முறையில் மருந்து வாங்கியவர்களில் சுமார் 61 சதவீதமும், சேவை பெற்றவர்களில் சுமார் 71 சதவீதமும் சொன்னபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அற்புதம் என்று சொல்ல மாட்டேன். இருமுறை பேசியதற்கு இது நல்ல விளைச்சல், அவ்வளவே. பேச்சால் தீராதவையும் உண்டு. அமெரிக்காவின் ஆஷ்வில் நகராட்சி 1990-களின் பிற்பகுதியில் நீரிழிவுள்ள ஊழியர்களை மருந்தாளுநர்களோடு தொடர்ந்து சந்திக்க வைத்தபோது, வருபவர்களுக்கு மருந்துக்கான கைக்காசையும் தள்ளுபடி செய்தது. சர்க்கரை அளவு மேம்பட்டதில் பேச்சுக்கு எத்தனை பங்கு, காசுக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பது சிரமம்.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு விளக்கம் சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே எழுதிவைத்திருக்கின்றன. நம் கவுன்டரில் அது நடப்பது அபூர்வம். கூட்டம், அவசரம், பின்னால் நிற்பவரின் முணுமுணுப்பு. அட்டையில் ஐந்து மாத்திரையை வெட்டித் தரும் கடையில் யார் எப்போது எதை வாங்கினார் என்ற பதிவும் இருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீடு தேடிப் போகின்றன; யாருக்கு எப்போது என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கும் அதனோடு வந்துவிடுகிறது. கொண்டுபோகும் பெண்மணி உள்ளூர்க்காரர், வீட்டு ஆட்களின் பேர் தெரிந்தவர். போன மாத அட்டையில் எத்தனை மிச்சம் என்று அவர் கேட்டால், கோபித்துக்கொள்ளாமல் எடுத்துக் காட்டும் வீடுகள் நிறைய இருக்கும்.