'கலாஸ்' ஆனது எத்தனை கார்டு?

வளைகுடாவில் நாலு மாதம் வேலை பார்த்தாலே 'கலாஸ்' என்ற அரபுச் சொல் தமிழர் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும். முடிந்தது, தீர்ந்தது, போதும், விடு என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். துபாய் இன்டர்நெட் சிட்டியின் ஐ.டி. அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்குத் திரையில் ஓர் இடமே உண்டு. வேலைகளைக் காட்டும் போர்டின் வலது ஓரத்தில், 'டன்' என்று தலைப்பிட்ட பத்தி.

செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. இடப்பக்கம் காத்திருப்பவை, நடுவில் நடப்பவை, வலப்பக்கம் முடிந்தவை. டிரெல்லோ, ஜிரா, சென்னை ஜோஹோ நிறுவனம் 2017இல் கொண்டுவந்த ஸ்பிரிண்ட்ஸ் என்று மென்பொருளின் பெயர்தான் வேறு, அடிப்படை இதுதான். ஆனால் இருநூறு கார்டையும் மேலாளர் ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டார். "எவ்வளவு முடிஞ்சுது, மீதி எப்போ?" என்பார். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வந்தவைதான் சுருக்கக் கருவிகள்.

அவற்றில் மந்திரம் ஏதுமில்லை. இரவு ஷட்டரை இறக்கும் முன் மளிகைக்கடைக்காரர் சரக்கை எண்ணுவதுபோல, தினமும் குறித்த நேரத்தில் எந்தப் பத்தியில் எத்தனை கார்டு என்று எண்ணி வைக்கும். நாள்தோறும் மிஞ்சும் எண்ணிக்கையைக் கோடாக இழுத்தால் 'பர்ன்டவுன்' வரைபடம் கிடைக்கும். பக்கத்திலேயே ஒரு மாதிரிக்கோடு: 40 கார்டு, 10 வேலைநாள் என்றால் நாளுக்கு 4 வீதம் இறங்குவது. உண்மைக்கோடு அதற்கு மேலே நின்றால் தாமதம். இப்போது செயற்கை நுண்ணறிவு இதையே சரளமான உரையாக எழுதித் தருகிறது. நடை நன்றாக இருக்கிறது என்பதற்காக எண்ணிக்கை சரியாகிவிடாது.

கார்டு வைத்து வேலையை நகர்த்தும் பழக்கம் டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ வளர்த்தது. 'கன்பன்' என்பார்கள். அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்ததில் நம் நாட்டுக்கும் பங்குண்டு: 2004 வாக்கில் மேலாண்மை நிபுணர் டேவிட் ஆண்டர்சனின் யோசனையைச் செய்து பார்த்த மைக்ரோசாஃப்ட் குழு ஒன்று ஹைதராபாத்தில் இருந்தது. எத்தனை நாள் ஆகும் என்று கணித்துச் சொல்வதிலேயே அவர்கள் நேரத்தில் கணிசமான பகுதி போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, ஒரே சமயத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்ததும் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது.

வளைகுடாவில் கருவி தடுமாறுவது காலண்டரில். அமீரக அரசு 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறி, வெள்ளியை அரைநாள் ஆக்கியது. ஷார்ஜா அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் முழு விடுமுறை. சவூதியிலும் குவைத்திலும் வாரம் ஞாயிறு தொடங்கி வியாழனோடு முடியும். துபாய், ரியாத், சென்னை மூன்றிலும் ஆள் உள்ள குழுவுக்கு எல்லோரும் முழுதாக ஒன்றுசேரும் நாள் வாரத்துக்கு நான்குதான்.

அந்த 40 கார்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கருவியில் திங்கள் முதல் வெள்ளிவரை வேலைநாள் என்று பதிந்திருக்கிறது. வியாழன் மாலை 24 மீதி, கணக்குப்படி சரி. வெள்ளி மாலை 20 இருக்க வேண்டும், ஆனால் 23 இருக்கிறது. ரியாத் விடுமுறை, துபாய் மதியத்தோடு கிளம்பிவிட்டது. 'மூன்று கார்டு பின்தங்கல்' என்று சுருக்கம் போகும். ஞாயிறன்று ரியாத்காரர் அந்த மூன்றையும் முடித்துவிடுவார். திங்கள் காலை தாமதம் எதுவும் இல்லை; வார இறுதி முழுக்க ஒருவர் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். வேலைநாளை மாற்றி அமைக்க ஜிரா போன்றவற்றில் வழி இருக்கிறது. ஆனால் போர்டு முழுவதற்கும் ஒரே வாரம் என்று வைத்தால், மூன்று ஊரில் யாராவது ஒருவருக்கு அது தப்பாகத்தான் இருக்கும்.

'டன்' என்பதிலும் வில்லங்கம் உண்டு. 'பணம் கட்டும் பக்கம்' என்று ஒரு கார்டு. ஆங்கிலத் திரை தயாரானதும் அதை வலப்பக்கம் தள்ளிவிடுவார்கள். அரபுத் திரையோ வலமிருந்து இடம். பின்செல்லும் அம்புக்குறி திரும்ப வேண்டும், பெயர்க் கட்டங்கள் இடம் மாற வேண்டும், தொலைபேசி எண் மட்டும் இடமிருந்து வலமாகவே நிற்க வேண்டும். இதைச் சோதித்து முடிக்க இன்னும் இரண்டு நாள் ஆகலாம். கருவிக்கோ ஒரு கார்டு 'கலாஸ்'. அனுபவப்பட்டவர்கள் அரபுத் திரைக்குத் தனிக் கார்டு போடுகிறார்கள். இல்லையேல் வாடிக்கையாளர் ஒப்புதலுக்கென்று 'டன்'னுக்கு முன்னால் இன்னொரு பத்தி வைக்கிறார்கள்.

ரமலானில் கணக்கு இன்னும் நெளியும். அமீரகத்தில் தனியார் ஊழியருக்கும் அந்த மாதம் தினமும் இரண்டு மணி நேரம் குறைவு. எட்டு மணி ஆறானால் நாளுக்கு நாலு கார்டு மூன்றாகும். நாளை மட்டும் எண்ணும் கருவிக்கு ஆறு மணி நேரமும் ஒரு முழு நாள்தான். பெருநாள் என்றைக்கு என்பது 29ஆம் நோன்பு மாலை பிறை பார்த்த பிறகே உறுதியாகும். அறிவிப்பு வந்ததும் யாராவது மடிக்கணினியைத் திறந்து விடுமுறை எந்த நாள்வரை என்று திருத்த வேண்டும். அதற்குள் அன்றைய சுருக்கம், பழைய தேதிக் கணக்கோடு, எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.