அலைச்சறுக்கு விடுமுறை: உங்கள் திறனுக்கேற்ற கடற்கரை எது?

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார். விடுமுறையில் தாமும் பலகையேற வேண்டும் என்னும் ஆவலை இத்தகைய செய்திகள் பலருக்கும் ஊட்டுகின்றன. எனினும், போட்டியாளர் விரும்பும் அலை, புதிதாகக் கற்பவருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே, விடுதியை முன்பதிவு செய்வதற்கு முன், கடலின் அடித்தரை, பருவம், தமது திறன் ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

அடித்தரையும் அலையும்

ஆழ்கடலிலிருந்து வரும் அலை, ஆழம் குறையும் இடத்தில் உயர்ந்து உடைகிறது. சரிவு குறைந்த மணற்பரப்பில் அது மெல்ல உடைந்து நுரையாகக் கரை சேரும். விழுந்தாலும் பெரும்பாலும் காயம் இராது. நிலமுனையை ஒட்டி உடையும் அலை ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடும். பயிற்சி பெற்றவருக்கு அது உகந்தது. பவளப்பாறையின்மேல் உடையும் அலையோ வேகமும் வலிமையும் மிக்கது. அங்கே விழுவோர் கூரிய பாறையில் மோத நேரிடும்.

முதன்முறை கற்போர்

இவர்களுக்கு இடுப்பளவு நீரும் நுரை அலையும் போதும். வட கோவாவின் மாந்திரேம், அஷ்வேம் கடற்கரைகளும், கர்நாடகத்தின் முல்கியும் ஏற்றவை. மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தைத் தவிர்த்து, நவம்பர் முதல் மார்ச் வரை செல்வது நலம். சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை அலைகள் பொதுவாகச் சிறியவை. கேரளத்திலும் ஒரு கோவளம் உண்டு. முன்பதிவின்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

ஓரளவு பயின்றோரும் தேர்ந்தோரும்

உடையாத அலையைத் தாமே பிடித்து எழுந்து நிற்கத் தெரிந்தவர்கள் கேரளத்தின் வர்க்கலையை நாடலாம். சென்னைக் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மே முதல் செப்டம்பர் வரை தென் இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் அலைகள் வலுப்பெறுகின்றன. அவை தேர்ச்சி மிக்கோருக்கு உரியவை. சிறு அந்தமானின் பவளப்பாறை அலைகள் வல்லுநர்களுக்கு மட்டுமே. அங்கு மருத்துவ வசதி குறைவு என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டு எண்கள்

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கடல்நிலை முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதில் அலையின் உயரத்தோடு, அடுத்தடுத்த அலைகளுக்கு இடைப்பட்ட கால அளவையும் காண்க. ஒரே 1 மீட்டர் உயரமாயினும், 8 வினாடி இடைவெளியில் வருவதைவிட 14 வினாடி இடைவெளியில் வரும் அலைக்கு ஆற்றல் மிகுதி. தொலைவில் வீசிய புயற்காற்றால் எழுந்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கரையைத் தாக்கும் 'கள்ளக்கடல்' இத்தகையதே. அதற்கான எச்சரிக்கை நாளில் நீரில் இறங்கவே கூடாது.

நீரில் இறங்குமுன்

இரு புறமும் அலைகள் உடைய, நடுவே மட்டும் அமைதியாகத் தோன்றும் பகுதி பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டுக் களைத்துவிடாமல், பலகையைப் பற்றிக்கொண்டு கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேற வேண்டும். இயலாவிடில் கையை உயர்த்தி உதவி கோருக. பயிற்சி நிலையத்தில் சேருமுன், பயிற்றுநர் உயிர்காப்புப் பயிற்சி பெற்றவரா, ஒருவர் எத்தனை பேருக்குக் கற்பிக்கிறார் என்று கேட்டறிக. தொடக்கநிலையினருக்கு 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேற்பரப்பு மென்மையான பலகையே உகந்தது.

காப்பீட்டைச் சரிபார்த்தல்

பயணக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் சாகச விளையாட்டுகளால் ஏற்படும் காயங்களுக்கு இழப்பீடு கிடையாது. சிலவற்றில் கூடுதல் கட்டணம் செலுத்தி அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். புறப்படுமுன் விலக்குகள் பகுதியைப் படித்து, அலைச்சறுக்கு அடங்குமா என்பதை எழுத்து மூலம் உறுதிசெய்து கொள்க. குடும்பத்தினர் ஒவ்வொருவரின் திறனும் வேறாயின், அவர்களுள் அனுபவம் குறைந்தவருக்கு ஏற்ற கடற்கரையையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.