ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வெளியுறவுக் கொள்கை

வாணிபத்தில் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள முன்வரும் நாடுகள்கூட, போர், அமைதி பற்றிய முடிவை எளிதில் பிறரிடம் ஒப்படைப்பதில்லை. ஐரோப்பிய நாடுகளின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும். பொதுப்படை அமைக்கும் திட்டத்தை 1954-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. 1970-இல் வெளியுறவுக் கலந்தாலோசனை முறை மட்டுமே தொடங்கிற்று. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்டிரிக்ட் ஒப்பந்தமே பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைக்குச் சட்ட வடிவம் தந்தது.

இம்முறையின் அடிப்படை ஒருமனதான முடிவு ஆகும். அரசுத் தலைவர்களின் மன்றம் பொதுநெறியை வகுக்கிறது. வெளியுறவு அமைச்சர்கள் குழு முடிவெடுக்கிறது. உயர் பிரதிநிதி அதற்குத் தலைமை வகிக்கிறார். 27 உறுப்பு நாடுகளுள் ஒன்று எதிர்த்தாலும் முக்கிய முடிவு நின்றுவிடும். எதிர்க்க விரும்பாத நாடு வாக்களிக்காது விலகி நிற்கலாம். அம்முடிவைச் செயற்படுத்தும் கடமை அதற்கில்லை. 2008-இல் கொசோவோவுக்குச் சட்ட ஒழுங்குத் தூதுக்குழு அனுப்பும் முடிவில் சைப்ரஸ் இவ்வழியைக் கையாண்டது.

ஒன்றியத்திற்கெனத் தனிப்படை இல்லை. சோமாலியக் கடற்கொள்ளையரைத் தடுக்க 2008-இல் தொடங்கிய நடவடிக்கைக்கு உறுப்பு நாடுகளே கப்பல்களை அளித்தன. 2003-இல் ஈராக் போர் பற்றி அந்நாடுகள் இருவேறு அணிகளாகப் பிரிந்தபோது, பொதுக்குரல் எழவே இல்லை.

சார்க் அமைப்பின் 1985-ஆம் ஆண்டுச் சாசனமும் ஒருமனதையே வேண்டுகிறது. ஆனால் இருதரப்பு விவகாரங்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் அது விவாதத்திலிருந்தே விலக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ அத்தகைய விவகாரங்களையும் விவாதத்திற்கு எடுத்துக்கொள்கிறது. அங்கு ஒருமனது விதி சிறிய நாட்டிற்குக் கேடயமாக விளங்குகிறது. நெருக்கடி வேளையில் அதுவே தடைக்கல்லாகவும் அமைகிறது.